உள்ளே வருபவரும் வெளியே போகிறவரும்

2003 ஆகஸ்டில் மதுரையில் டி.டி.பி. கடை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அறுபதிலிருந்து தலைகீழாக எண்ணப் பழகிக்கொண்டோம். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை அடித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு பெட்டி முளைக்கும்: இன்னும் 60 விநாடியில் சிஸ்டம் அணையப்போகிறது. எல்லாம் பிளாஸ்டர் என்ற புழுவின் உபயம். எதையும் திறக்க வேண்டாம், கிளிக் பண்ண வேண்டாம். டயல்-அப்பில் நெட் போட்டாலே போதும், 135-ஆம் போர்ட் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே அதற்கான பேட்ச் வெளியிட்டிருந்தது. எங்கள் டயல்-அப் வேகத்தில் அதை இறக்கி முடிப்பதற்குள் அறுபதும் தீர்ந்துவிடும். ஸ்டார்ட், ரன், 'ஷட்டவுன்' என்று அடித்து, இடம் விட்டு, 'ஹைஃபன் ஏ' சேர்த்தால் எண்ணிக்கை நிற்கும். இந்த மந்திரம் தெரிந்த பையன்களுக்கு அந்த மாதம் கடைக்குக் கடை ஓசி டீ.

வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்பி வந்த 2001-லிருந்தே அதற்குள் ஒரு ஃபயர்வால் இருந்தது. அணைத்துவைத்துக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். கனெக்‌ஷன் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, அங்கே ஒரு சின்னக் கட்டம். அத்தனை தூரம் போய் டிக் அடிக்கத் தெரிந்தவனுக்கு ஃபயர்வாலே தேவைப்பட்டிருக்காது. மறுவருடம் ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான் அது தானாக ஓடத் தொடங்கியது.

ஓடியும் மரியாதை வரவில்லை. சும்மா வந்த பொருள்தானே! "அண்ணே, விண்டோஸோடது உள்ள வர்றவனைத்தான் பாக்கும். வெளிய போறவனைக் கண்டுக்காது" என்றான் சர்வீஸுக்கு வரும் பையன். எக்ஸ்பி விஷயத்தில் அவன் சொன்னது சரி. ஸோன்அலாரம், சைகேட், கெரியோ என்று இலவசமாக வேறு பல கிடைத்தன. அவற்றில் ஒன்று கடைக்கு வந்து சேர்ந்தது. எது என்று சொல்லமாட்டேன்.

அது கேள்வி கேட்டே பிழைத்தது. 'ஜெனரிக் ஹோஸ்ட் பிராசஸ் ஃபார் வின்32 சர்வீசஸ்' இணையத்துக்குப் போக வேண்டுமாம், விடலாமா? பெயரைப் பார்த்தால் யாரோ பெரிய மனிதர்போல இருந்தது. தடுத்துப் பார்த்தோம், நெட் நின்றது. விட்டோம், வந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் 'விடு', கூடவே 'இனிமேல் கேட்காதே' என்று ஒரு டிக். சில நாளில் அத்தனை பேரும் அனுமதி பெற்றவர்கள். ஆனாலும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையும் மினுங்குவதைப் பார்த்த வாடிக்கையாளர்கள், "சார் கடைல செக்யூரிட்டி டைட்டுங்க" என்று சொல்லிக்கொண்டு தங்கள் வைரஸ் ஃபிளாப்பியை நீட்டினார்கள்.

இப்போது விண்டோஸிலேயே எல்லாம் இருக்கிறது. 2007-இல் வந்த விஸ்டா முதல் வெளியே போவதற்கும் விதி எழுதலாம். எழுதாவிட்டால் எல்லாவற்றையும் போகவிடும் என்பது மட்டும் மாறவில்லை. அதற்காக யாரும் இன்று வேறு ஃபயர்வால் தேடுவதில்லை. வாசலில் ரவுட்டர் வேறு நிற்கிறது.

போன மாதம் அக்கா மகன் லேப்டாப்போடு வந்தான். "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று மூலையில் ஒரு பெட்டி. எந்தப் புழுவும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய செக்யூரிட்டி பேக்கேஜ் ரினியூவல் கேட்கிறது.

"மாமா, இதை எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாதுடா. விண்டோஸோடது போதும். எது வெளிய போகுதுன்னு தெரியணும்னா சிம்பிள்வால் மாதிரி ஏதாவது போட்டுக்கோ. அது விண்டோஸோட ஃபில்டரையே வச்சுத்தான் வேலை செய்யும். ஒவ்வொண்ணா கேக்கும், நீதான் பதில் சொல்லணும்."

"ஒவ்வொண்ணாவா?" முகம் சுண்டிவிட்டது. பேக்கேஜை மட்டும் தூக்கிவிட்டு, பெட்டி வராத திரையை நிம்மதியாகப் பார்த்தான். சாயந்திரம் அக்காவிடமிருந்து போன். அடுத்த வருடத்துக்கான பணம் காலையிலேயே அவள் கார்டிலிருந்து போயிருந்தது. விடலாமா என்று யாரும் கேட்கவில்லையாம்.