எதிரே ஆள் இல்லாத களம்

கேள்வி: தொகுதியில் ஒரே ஒரு வேட்பாளர் இருந்தால் வாக்குப்பதிவு நடக்குமா? (திருநின்றவூர் வாசகர்)

பதில்: நடக்காது. மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்து ஒருவரே மிஞ்சினால், அவர் வென்றதாகத் தேர்தல் அதிகாரி அறிவித்துவிடுவார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 53ஆம் பிரிவு அப்படி. 2024இல் அருணாசலப் பிரதேசச் சட்டமன்றத்துக்குப் பத்துப் பேர் இவ்வாறு வந்தார்கள். அவர்களில் ஒருவர், பதவியிலிருந்த முதலமைச்சர் பேமா காண்டு.

கேள்வி: அங்கே நோட்டா போட முடியாதா?

பதில்: நோட்டா இருப்பது வாக்கு இயந்திரத்தில். இயந்திரமே வராத ஊரில் எதை அழுத்துவது? 2013இல் கிடைத்த அந்த உரிமை, அது மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் இல்லாமல் போகிறது. சட்டம் திருத்தப்பட வேண்டிய இடம் இது.

கேள்வி: தமிழ்நாட்டில் பதவியில் இருந்தவர் பெரிய எதிராளி இல்லாமல் மீண்டும் வென்றதுண்டா?

பதில்: உண்டு. கம்பம், 2009. என். இராமகிருஷ்ணன் 2006இல் அ.தி.மு.க. கூட்டணியில் ம.தி.மு.க. வேட்பாளராக நின்று வென்றவர். பிறகு தி.மு.க.வுக்குப் போனார். கட்சி தாவினால் பதவி பறிபோகும் என்பது 1985 முதல் சட்டம். ஆகவே உறுப்பினர் பதவியை விட்டு விலகி, இடைத்தேர்தலில் உதயசூரியனில் நின்றார். ஆகஸ்ட் 18 அன்று ஐந்து தொகுதிகளில் வாக்குப்பதிவு. அ.தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க. மூன்றும் புறக்கணித்தன. தே.மு.தி.க. உள்ளிட்டோர் களத்தில் இருந்தும், ஆளுங்கட்சிக்கு ஈடான எதிராளி இல்லை, ஐந்தும் தி.மு.க. அணிக்கே போயின. கட்சி மாறியது சரியா என்று கம்பத்துக்காரர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேர்தல் அது. அந்தக் கேள்வியைப் பலமாகக் கேட்டிருக்க வேண்டியவர்களே வரவில்லை. 2011 பொதுத்தேர்தலில் எதிரணி முழு பலத்தோடு வந்தது, தி.மு.க. 23 இடங்களுக்குச் சுருங்கிய அந்த ஆண்டிலும் இராமகிருஷ்ணன் வென்றார். அந்த வெற்றிக்குத்தான் எடை அதிகம்.

கேள்வி: புறக்கணிப்பால் யாருக்கு நட்டம்?

பதில்: வாக்காளருக்கு. பணபலம், அதிகார பலம் என்று கட்சிகள் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கலாம். ஆனால் கட்சிக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது. வாக்காளருக்கு மிச்சக் காலம் முழுதும் அதே உறுப்பினர்தான்.

கேள்வி: திருநின்றவூர் அடங்கிய ஆவடித் தொகுதியில் இந்த நிலை வந்ததா?

பதில்: 2016, 2021 தேர்தல்களில் இல்லை. 2016இல் க. பாண்டியராஜன் சா.மு. நாசரை வென்றது 1,395 வாக்குகளில்; ஓரிரு வாக்குச்சாவடிகளில் திரளும் வாக்கு அவ்வளவுதான். 2021இல் அதே இருவர் மீண்டும் மோதினார்கள். அமைச்சராக இருந்த பாண்டியராஜன் தோற்றார். நாசர் 55,275 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார்.