ஏம் காதுலே!

சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் ‘ஏம் காதுலே’ என்றால் ‘ஒன்றும் ஆகாது, விடு’ என்று அர்த்தம். தமிழ்க் காதில் அது ‘ஏன் காதுலே?’ என்று விழும். 2020-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இரண்டு அர்த்தமும் ஒரே ஆளிடம் பொருந்தி நின்றன. முகக்கவசம் ஒற்றைக் காதில் ஊசலாட, வாய் ‘ஏம் காதுலே’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். புத்தலப்பட்டு, காணிப்பாக்கம், பங்காருபாளையம் வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீட்டில் தமிழ், மாங்காய் மண்டியில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். அந்த மண்ணில் விளையும் தோத்தாபுரிக்குத் தமிழில் கிளிமூக்கு என்று பெயர். மூக்கை மறைத்து வைக்கும் வழக்கம் மாங்காய்க்கே இல்லாத ஊர். இவரைப் பொறுப்பற்றவர், பயமில்லாதவர் என்று பலரும் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அது அவதூறு. அவருக்குப் பயம் இருந்தது, நிறையவே இருந்தது. விலாசம்தான் தப்பு.

அறியாமை என்று சொல்லவும் வழியில்லை. ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியவர். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் கொடுத்தனுப்பிய கபசுரக் குடிநீரை முகம் சுளிக்காமல் குடித்தவர். பால்காரர் வந்தால், வங்கிக்குப் போனால், தூரத்தில் போலீஸ் ஜீப் தெரிந்தால் கவசம் சட்டென்று மூக்குக்கு ஏறிவிடும். ஆனால் வாசலில் அத்தான் முறை பாவாவோ அண்ணி முறை வதினாவோ வந்து நின்றால் அதே கவசம் தாடைக்கு இறங்கும். ‘நம்ம மனுஷங்கதானே!’ முந்தைய தலைமுறை பெரியவர்களைக் கண்டால் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டது. இவர் கவசத்தை இறக்குகிறார். சொந்தக்காரர் எதிரே மூக்கை மூடிக்கொண்டு நிற்பது நோய்த் தடுப்பல்ல, மரியாதைக் குறைவு. இதில் சிரிப்புக்கு அடியில் ஒரு கசப்பும் உண்டு. ‘தள்ளி நில்’ என்பது நம் ஊர்களுக்குப் புதிய கட்டளை அல்ல. யாரிடம் சொல்வது என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டியலே இருந்தது. அந்தச் சொல்லை முதன்முறையாகச் சொந்த மாமனிடம் சொல்லச் சொன்னது கொரோனா. இவருக்கு வாய் வரவில்லை.

வாய் வராதவர் கண்டுபிடித்த வழிதான் ‘இந்த வாட்டி சிம்பிளா செஞ்சுக்கலாம்’. 2020 ஆகஸ்ட் 22-இல் விநாயக சவிதி வந்தபோது, பொது இடத்தில் பந்தல் கூடாது, வீட்டோடு கும்பிடுங்கள் என்று ஆந்திர அரசு சொன்னது. அவர் அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிந்தார்: பந்தல் வீட்டுக்குள் வந்தது. அறுபது பேர் சாப்பிட்டார்கள். அறுபதும் உறவு என்பதால் கூட்டம் என்ற சொல்லே அங்கு எழவில்லை. செப்டம்பரில் திருமலை பிரம்மோற்சவமே மாடவீதி ஊர்வலம் இல்லாமல் கோயிலுக்குள் ஏகாந்தமாக நடந்தது. ‘சாமியே சிம்பிளா செஞ்சுக்கிட்டாரு பாருங்க’ என்று அவர் அதைக் கண்கலங்கச் சொன்ன இடம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தி. இடையில் யாருக்காவது உடம்பு சுட்டால் அது ஜலதோஷம். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய அந்த வட்டாரத்தில் யாரும் துணியமாட்டார்கள். நல்லவேளையாக அங்கே போய் நின்று ‘ஜலதோஷம்தானா?’ என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் வந்ததும் அவருக்குக் கடல் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸும் வைகுண்ட ஏகாதசியும் டிசம்பர் 25 என்ற ஒரே வெள்ளிக்கிழமையில் வந்தன. கூட்டத்தைப் பிரித்துவிட திருமலையில் வைகுண்ட வாசலை ஜனவரி 3 வரை பத்து நாள் திறந்து வைத்தார்கள். தரிசன டிக்கெட் கிடைக்காதவருக்கு மிச்சமிருந்தது கடற்கரை. சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. இவருக்குக் கடல் என்றால் மாமல்லபுரம், அதை விட்டால் புதுச்சேரி. தமிழ்நாட்டில் கடற்கரைகள் டிசம்பர் 14-இல்தான் திறந்தன. புத்தாண்டுக்காக 31-ஆம் தேதியும் 1-ஆம் தேதியும் மறுபடி மூடல். புதுச்சேரி அரசோ புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு அனுமதி தந்தது, துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ஆட்சேபித்தார். மூன்று அரசுகளின் உத்தரவுகளையும் இவர் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் பார்த்து, ராகுகாலம் எமகண்டம் கழித்து நல்ல நேரம் குறித்தார். ‘கடல் காத்து கிருமியை அடிச்சிட்டுப் போயிடும்’ என்பது அவர் சித்தாந்தம். இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம், பாதி உண்மை. திறந்தவெளியில் இந்த நோய் பரவுவது குறைவு, அடைத்த இடத்தில் அதிகம். ஆனால் மாமல்லபுரத்துக்கு அவர் போனது பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில், பதினேழு பேரோடு, ஏசி வீணாகாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஐந்து மணி நேரம் அந்தாட்சரி பாடிக்கொண்டு. வேனுக்குள் ஒரு முகத்திலும் கவசம் இல்லை. இறங்கி, விரிந்த மணலில், வங்காள விரிகுடாவின் அத்தனை காற்றும் அடிக்கும் இடத்தில், சங்குமாலை விற்பவர் நாலடி தள்ளி வந்து நின்றதும் பதினேழு பேரும் அவசரமாக மூக்கை மூடினார்கள். மாலைக்காரர் நகர்ந்ததும் பதினேழும் இறங்கின. அவருடைய நோய் வரைபடம் இதுதான்: கிருமி அந்நியரிடம் இருக்கும், உறவில் இருக்காது.

சட்டத்தை மதிக்காதவருக்கு இத்தனை வக்காலத்து எதற்கு என்று கேட்கலாம். அந்த வரைபடத்தை அவர் தனியாக வரையவில்லை. 2020 ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட நிர்வாகம் குடியாத்தம்–பலமநேர் சாலையில் சைனகுண்டாவிலும், பொன்னையிலிருந்து சித்தூர் போகும் சாலையிலும் கொரோனாவைத் தடுக்கக் குறுக்கே சுவரே எழுப்பியது. எழுப்பிய சுவரைச் சில நாளிலேயே இடிக்கவும் வேண்டியிருந்தது. நோய் அடுத்த மாநிலத்தான் கொண்டுவருவது என்று ஒரு நிர்வாகமே கல்லும் சிமென்ட்டும் வைத்துச் சொன்னபோது, அடுத்த வீட்டான் கொண்டுவருவது என்று இவர் நினைத்ததில் என்ன அதிசயம்? சுவராவது இடிந்தது. இன்னொரு ஆட்சேபம் கடலோர ஊரின் தரப்பிலிருந்து வரும்: டிசம்பர், ஜனவரிதான் அங்கே சீசன், எட்டு மாதம் வெறிச்சோடிக் கிடந்த ஊருக்கு இந்த வேன்கள் வந்துதானே அடுப்பு எரிந்தது? இது நியாயமான பேச்சு, இதற்கு முன்னால் மற்ற வாதங்கள் கொஞ்சம் கூசத்தான் செய்கின்றன. மறுப்பதற்கில்லை, ஆனால் நூறு ரூபாய் மாலையை ‘கொரோனா காலத்துல யாருங்க வாங்குறா’ என்று சொல்லியே நாற்பதுக்கு வாங்கிய கதையையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இத்தனை பேர் செத்த காலத்தைப் பற்றி நகைச்சுவையா என்பது கடைசிக் கேள்வி. இரண்டாம் அலையின்போது, 2021 மே 10 இரவு, திருப்பதி ரூயா மருத்துவமனையில் ஆக்சிஜன் தடைப்பட்டு 11 பேர் இறந்தார்கள் என்று அரசே சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டேங்கர் தாமதமானதே காரணம் என்றார்கள். கிருமி எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல் தாண்டிய அதே எல்லையை ஆக்சிஜனால் நேரத்துக்குத் தாண்ட முடியவில்லை. அந்தச் சாவுகளை ஏம்காதுலேகாரர் கணக்கில் எழுதுவது அநியாயம். அவர் அந்த மாதம் வேறு வேலையாக இருந்தார்: நெல்லூர்க் கடலோரம் கிருஷ்ணபட்டணத்தில் ஆனந்தய்யா கொடுத்த மூலிகை மருந்துக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்த வரிசையில், கூட்டத்தால் பரவும் நோய்க்குக் கூட்டத்தில் நின்று மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே மட்டும் கவசம் மூக்கில் இருந்தது. முன்னும் பின்னும் நின்றவர்கள் சொந்தக்காரர்கள் இல்லையே.

மாமல்லபுரத்துப் படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னும் கிடக்கும். இப்படி ஒரு குழு உங்கள் வீட்டிலும் இருந்தால் 2020 டிசம்பருக்குப் போய்ப் பாருங்கள். படத்தில் மூக்கும் வாயும் சரியாக மூடியிருப்பவர் ஒருவர்தான் தென்படுவார்: போலீஸ் பிடித்தால் 200 ரூபாய் அபராதம் கட்டவேண்டுமே என்று பயந்து, ஓரத்தில் நிற்கிற சங்குமாலைக்காரர்.