தயார் நிலையில் ஒரு அரசு

கஜா புயலுக்குத் தமிழக அரசு தயாராகத்தான் இருந்தது. பேட்டி தயார். மைக் தயார். அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலினே பாராட்டினார். தமிழ்நாட்டில் அதுவே ஒரு பேரிடர் அறிகுறி.

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் புயல் கரையேறியபோது சிங்கப்பூரில் மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. விடுதிகளில் டெல்டாப் பிள்ளைகளுக்கு ஏது தூக்கம்? பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யத்திலிருந்து ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வேலைக்குப் போனவர்கள்.

“அம்மா, கொட்டகையில படுக்காத. பள்ளிக்கூடத்துக்குப் போயிடு.”

“மாட்ட யாருடா பாப்பா?”

அதோடு லைன் போனது. பல ஊர்களுக்கு நாள் கணக்கில் திரும்பவில்லை. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. அவசரத்துக்கு 1077-ஐ அழைக்கச் சொல்லியிருந்தார்கள். சிக்னல் செத்த ஊரிலிருந்து, சார்ஜ் செத்த போனில். அருமையான ஏற்பாடு. புகாரே வராது.

அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நாலு நாள் கழித்து ஹெலிகாப்டரில் கிளம்பினார். புதுக்கோட்டை பார்த்தார், தஞ்சாவூர் பார்த்தார். திருவாரூர், நாகப்பட்டினம்? வானிலை சரியில்லை என்று திரும்பிவிட்டார். புயல் அடித்த ஊரில் வானிலை சரியில்லையாம்! கூரை பறந்துபோய் நனைந்துகொண்டிருந்தவர்களுக்கு இந்தத் தகவலை யாராவது சொல்லியிருக்கலாம். நாகைக்கு அவர் போய்ச் சேர்ந்தது 28ஆம் தேதி. அதே மாதம்தான், குறை சொல்லக் கூடாது. லீவு கிடைத்த பிள்ளைகள் கடல் தாண்டி அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். அவர்களிடம் ஹெலிகாப்டர் இல்லை, அதனால் தாமதமும் இல்லை.

வேகமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் நிவாரணம் கேட்டு நடந்த மறியல் முற்றி அரசு வண்டிகள் எரிந்தன. போலீஸ் வீடுவீடாகத் தேடிப் பிடித்தது. தண்ணீர் லாரிக்கு வழி தெரியாத ஊர். கரண்ட் இல்லாத இருட்டு. போலீஸுக்கு மட்டும் எல்லா வாசலும் தெரிந்திருக்கிறது.

பிறகு கணக்கு. தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய். விழுந்ததை வெட்டி அப்புறப்படுத்த 500. மரத்தின் மதிப்புக்கும் பிணக்கூலிக்கும் நூறு ரூபாய்தான் வித்தியாசம். அந்த மரம் சும்மா நிற்கவில்லை. மகனின் வெளிநாட்டுச் சம்பளத்தில் நட்டு, போர் போட்டு, வருஷக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சிக் காய்க்க வைத்தது. தங்கச்சி கல்யாணமும் அவன் ஊர் திரும்பும் நாளும் அந்தக் குலையில்தான் தொங்கின. ஒரே ராத்திரியில் சாய்ந்தது. இனி அவனுக்கு இன்னும் பத்து வருஷம் சிங்கப்பூர். இந்த இழப்பு எந்தப் படிவத்திலும் வராது.

மாநிலம் கேட்டது 15,000 கோடி. மத்திய அரசு டிசம்பர் 31 அன்று ஒப்புதல் தந்தது 1,146 கோடி. புத்தாண்டுப் பரிசு. புயலுக்கு இரண்டு வாரம் முன்புதான் குஜராத்தில் படேல் சிலையைப் பிரதமர் திறந்து வைத்தார். செலவு சுமார் 3,000 கோடி. சிலைக்குக் கூரை பறக்காது. அம்மா போன் எடுக்கவில்லையே என்று தவிக்கப் பிள்ளையும் கிடையாது. ஆனாலும் முந்திக்கொண்டது அதுதான். 182 மீட்டர் உயரத்தில் நின்றும் அதன் கண்ணுக்கு வேதாரண்யம் எட்டவில்லை.

புயல் பார்க்க டெல்டாவுக்கு வராத பிரதமர், 2019 தேர்தல் நெருங்கியதும் தமிழ்நாட்டுக்கு வந்தார். திரும்பத் திரும்ப வந்தார். வானிலை ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.