டிஸ்க்கைக் காணோம்

விண்டோஸ் எக்ஸ்பி போடத் தொடங்கியதும் நீலத் திரையின் அடியில் ஒரு வரி எட்டிப் பார்க்கும். ஸ்கஸி, ரெய்டு டிரைவர் ஏதாவது சேர்க்க வேண்டுமானால் எஃப்6 அழுத்து என்று. சில விநாடிகள்தான். டீ சொல்லத் தலையைத் திருப்பினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அழுத்தியவனுக்கும் உடனே மரியாதை கிடைக்காது. என்னென்னவோ கோப்புகளை ஏற்றி முடித்துவிட்டு, சாவகாசமாக ஏ டிரைவில் ஃபிளாப்பியைப் போடச் சொல்லும். சீடியில் இருக்கிறது, பென்டிரைவில் இருக்கிறது என்ற சமாதானம் எதுவும் செல்லாது.

எக்ஸ்பி 2001-இல் வந்தது. சாட்டா டிஸ்க்கின் ஏஎச்சிஐ முறை அதற்குப் பின்னால் வந்தது. ஆகவே புத்தம்புது மெஷினில் இத்தனை பெரிய டிஸ்க்கை வைத்துக்கொண்டு, டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும். அதைக் காட்டிக்கொடுக்க 1.44 எம்பி ஃபிளாப்பி. மெஷினிலோ ஃபிளாப்பி டிரைவ் கிடையாது. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கலாம் என்றால் எல்லா மாடலையும் எக்ஸ்பி ஏற்றுக்கொள்ளாது. ஏற்றுக்கொள்ளும் ஒன்றே ஒன்று எங்கள் ஆபீஸில் ஒரு சீனியரின் டிராயரில் பூட்டிக் கிடந்தது. "தம்பி, சாயங்காலத்துக்குள்ள என் கைக்கு வந்துடணும்" என்று சொல்லித்தான் தருவார். அதைக் கையில் வாங்கி நடக்கும்போது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வரும்.

சோம்பேறிகளுக்கு வேறு வழி இருந்தது: பயாஸில் சாட்டாவை ஐடிஇ என்று மாற்றிவிடுவது. டிஸ்க் தெரிந்துவிடும், ஏஎச்சிஐயின் பலன்தான் கிடைக்காது. யார் கேட்கப் போகிறார்கள்?

ஒரு மெஷினில் எல்லாம் போட்டு, சிஸ்பிரெப் ஓட்டி, கோஸ்ட்டில் இமேஜ் எடுத்து மற்றவற்றில் இறக்குவோம். வேறு சிப்செட் உள்ள மெஷினில் இறக்கினால் பூட் ஆகும்போதே நீலத் திரை, 7பி என்று முடியும் எண். டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், அந்த டிரைவரை டிஸ்க்கிலிருந்துதான் படிக்க வேண்டும். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. அதனால் எந்தெந்த டிஸ்க் கன்ட்ரோலர் வரக்கூடும் என்று ஊகித்து, சிஸ்பிரெப் கோப்பில் ஒரு நீளப் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைப்போம்.

இன்று அந்தப் பாடு எதுவும் இல்லை. 2009-இல் விண்டோஸ் 7 கூடவே டிஸ்ம் என்ற கருவி வந்தது. இமேஜ் அடங்கிய விம் கோப்பை ஒரு ஃபோல்டரில் மவுண்ட் செய், டிரைவரைச் சேர், கமிட் கொடு. உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும். நாகரிகம் வளர்ந்துவிட்டது.

வளர்ந்த பிறகு இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்கள் வந்தன. பலவற்றில் விஎம்டி என்ற ஏற்பாடு பயாஸிலேயே ஆன் ஆகி வரும். விண்டோஸ் 10 செட்டப் கூசாமல் சொல்கிறது: டிஸ்க் எதுவும் காணோம். டிரைவரைத் தேடி எடுத்தால், அந்த ஃபோல்டரின் பெயரில் இன்னும் எஃப்6-உம் ஃபிளாப்பியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிற்பாடு அந்த ஃபோல்டரும் தனியாகக் கிடைக்காமல் போனது. ஒரு இஎக்ஸ்இ கோப்பைக் கமாண்ட் கொடுத்துப் பிரித்து, ஐஎன்எஃப்பை வெளியே எடுக்க வேண்டும்.

எடுத்ததை, விண்டோஸ் அடங்கிய இன்ஸ்டால்.விம்மில் மட்டும் சேர்த்தால் செட்டப்புக்கு டிஸ்க் தெரியாது. செட்டப் ஓடும் பூட்.விம்மில் மட்டும் சேர்த்துவிட்டு இமேஜை நாமே டிஸ்ம் கொண்டு விரித்தால், டிஸ்க் தெரியும், காப்பி நூறு சதவீதம் முடியும், ரீஸ்டார்ட்டில் விழும். அதே 7பிதான். விண்டோஸ் 10-இல் எண்ணுக்குப் பதிலாகப் பெயரும், பக்கத்தில் ஒரு சோக முகமும் போட்டு வருகிறது. துக்கத்தில் பங்கெடுக்கிறார்களாம்.

போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் லேப்டாப்போடு வந்து நின்றான். "சார், எஸ்எஸ்டி டெட். வாரன்டியில அனுப்பிடலாமா?" இமேஜில் டிரைவர் இல்லை, இரண்டு விம்மிலும் சேர்க்க வேண்டும் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனவன் கால் மணி நேரத்தில் திரும்பினான். "பயாஸ்ல விஎம்டிய ஆஃப் பண்ணிட்டேன் சார். டிஸ்க் வந்துடுச்சு!" யாராவது பயாஸை டீஃபால்ட்டுக்குத் திருப்பினால் அந்த லேப்டாப் மறுபடி சோக முகம் காட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டிக்கெட்டை குளோஸ் செய்துவிட்டு, அடுத்த லேப்டாப்பின் பயாஸைத் திறந்திருந்தான்.