முதல் மூக்கு யாருடையது?

கே: ஃபார்முலா 1-இல் வளைவில் முந்தினால் யார் யாருக்கு இடம் விட வேண்டும்?
ப: உள்பக்கமாக முந்துகிறவரின் முன் அச்சு, வளைவின் உள்முனையில் மற்ற காரின் கண்ணாடிக்காவது நேராக இருக்க வேண்டும். இருந்தால் அவருக்கு இடம் உண்டு. வெளிப்பக்கமாக வந்தால் அச்சே முந்தியிருக்க வேண்டும். இதையெல்லாம் ஓட்டுகிறவர் கண் இமைக்கும் நேரத்தில் கணிக்க வேண்டும். நடுவர்களுக்கு ரீப்ளே உண்டு.

கே: 2024 ஆஸ்டின் பந்தயத்தில் நோரிஸுக்கு விழுந்த 5 விநாடித் தண்டனை நியாயமா?
ப: விதிப்படி சரி. நியாயம் என்றால், எனக்கு ஒப்பவில்லை. 12-வது வளைவில் நோரிஸ் வெளிப்பக்கம், வெர்ஸ்டாப்பன் உள்பக்கம். வெர்ஸ்டாப்பன் கடைசி நொடியில் பிரேக் பிடித்து உள்முனைக்கு முதலில் வந்தார். வந்த வேகத்தில் அவரும் தடத்தை விட்டு வெளியே போனார், நோரிஸும் போனார். வெளியே போய் முந்தியதற்காக நோரிஸுக்கு மட்டும் தண்டனை. மூன்றாமிடம் நான்காமிடமானது. உள்முனையில் யார் முன்னால் என்பதுதான் அளவுகோல் என்றால், பிரேக்கைக் கொஞ்சம் மறந்தவர் எவரும் ஜெயிக்கலாமே!

கே: நோரிஸின் அணியான மெக்லாரன் சும்மாவா இருந்தது?
ப: மறுபரிசீலனை கேட்டது. 'நோரிஸ் அதற்கு முன்பே முந்திவிட்டார், அவரை முந்த முயன்றவர் என்று தீர்ப்பில் எழுதியதே தப்பு' என்பது வாதம். மறுபரிசீலனைக்குப் புதிய ஆதாரம் வேண்டும், தீர்ப்பிலுள்ள தப்பே புதிய ஆதாரம் ஆகாது என்று நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். பட்டாவில் பெயர் திருத்த அலைந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

கே: நடுவர்களுக்கு வெர்ஸ்டாப்பன் என்றால் தனிப் பிரியமோ?
ப: அடுத்த வாரமே மெக்சிகோவில், அதே நோரிஸோடு மல்லுக்கட்டியதற்கு அவருக்குப் பத்தும் பத்துமாக 20 விநாடி போட்டார்கள். அப்படியொரு பிரியம் எனக்கு வேண்டாம்.

கே: தண்டனை வாங்கிக்கொண்டே ஜெயித்தவர் உண்டா?
ப: 2021 சில்வர்ஸ்டோனில் ஹாமில்டன். வெர்ஸ்டாப்பனை இடித்ததற்கு 10 விநாடி, ஆனாலும் வெற்றி. இடிபட்டவர் போனது மருத்துவமனைக்கு. விளைவைப் பார்க்காமல் செயலை மட்டும் எடைபோடுவது நடுவர்களின் கொள்கை. கொள்கை நல்லதுதான். ஆனால் வேகமான காருக்கு 10 விநாடி வலிப்பதே இல்லை.
அதே ஊரில் 1998-இல் ஷூமாக்கர் இன்னும் கெட்டிக்காரர். நின்று போகும் தண்டனையை அனுபவிக்கக் கடைசிச் சுற்றில் பிட் லேனுக்குள் போனார். அவருடைய ஃபெராரி அணியின் பிட் இடமோ முடிவுக்கோட்டைத் தாண்டி. நிற்கும் முன்பே பந்தயம் முடிந்தது, ஜெயித்தும் விட்டார்! பிறகு தண்டனையையே ரத்து செய்தார்கள்.

கே: நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் மாட்டியதுண்டா?
ப: 2012 மலேசியாவில். ஒரு சுற்று முந்திப் போன வெட்டலின் டயர் நரேனின் காரில் உரசிக் கிழிந்தது. நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தவர் பதினொன்றாவதாக முடித்தார். கோபத்தில் நரேனை வெள்ளரிக்காய் என்றார். நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி சேர்த்தார்கள். 21-ஆம் இடத்திலிருந்து 22-க்கு இறங்கினார். அதற்குக் கீழே பட்டியலில் இடமில்லை.