எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார்

எஸ்யூவி விளம்பரங்களில் சாலை வருவதே இல்லை. வண்டி ஆற்றுக்குள் இறங்கும், பாறைமேல் ஏறும், பாலைவனத்து மணலை வாரி இறைத்துக்கொண்டு வளையும். உள்ளே ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குடும்பம் அங்கே எதற்குப் போனது, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்தது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை. மாடலை மைத்துனர் சொன்னார், நிறத்தைப் பையன் சொன்னான், டாப் எண்ட்தான் என்று மனைவி சொன்னாள், நல்ல நேரம் பார்த்து மாமியார் சொன்னார். இஎம்ஐ மட்டும் என் பெயரில் வந்தது.

நாங்கள் இருப்பது கோயமுத்தூர். ஆறு என்றால் நொய்யல். அதில் வண்டியை இறக்கினால் நனைவதைவிட நாறுவது அதிகம். மலை என்றால் மருதமலை. அதற்குத் தார்ச்சாலை போட்டாயிற்று. ஆகவே வண்டியின் வீரமெல்லாம் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உழவர் சந்தைக்கும் நடுவிலேயே செலவானது. எப்போதாவது வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ஏறி இறங்கியது. முனகியதெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள்தான்.

இரண்டு வருடம் முடியவில்லை, மீட்டர் முப்பதாயிரத்தைத் தொடவில்லை, முன்பக்கம் எங்கேயோ ‘டொக்’ என்றது. ஒரு டொக்தான். பிறகு அமைதி. ஸ்பானரை யாராவது உள்ளே மறந்து வைத்துவிட்டார்களோ என்று தோன்றும்படியான டொக். அடுத்த வாரம் அது இரண்டு டொக் ஆனது.

சர்வீஸ் சென்டரில் ஒரு தம்பி டேப்லெட்டுடன் வந்தார். “என்ன கம்ப்ளெயிண்ட் சார்?” சத்தம் என்றேன். “எப்படிப்பட்ட சத்தம் சார்?” நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருக்கும் குளிரூட்டிய அறையில், வேலைக்குப் போகிற உடையில் நின்றுகொண்டு, நான் டொக் டொக் என்று சொல்லிக் காட்டினேன். “கடகடவா, டொக் டொக்கா, கிறீச்சா சார்?” பள்ளியில் இரட்டைக்கிளவி மனப்பாடம் செய்ததற்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பலன் கிடைத்தது. கேள்வி அபத்தமானது அல்ல. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கிறீச்சென்றால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்ட் மேல் சந்தேகப்படலாம். வேகம் கூடக்கூட ஊளைச் சத்தமும் கூடினால் வீல் பேரிங். சின்னக் குழியில் டொக் என்றால் லிங்க் ராடு, பால் ஜாயிண்ட், புஷ் என்று வரிசையாகக் குற்றவாளிகள் நிற்பார்கள். தம்பி நான் நடித்துக் காட்டிய அத்தனையையும் கேட்டுவிட்டு ‘முன்பக்கம் சத்தம்’ என்று இரண்டே சொல்லில் பதிந்துகொண்டார்.

டெஸ்ட் டிரைவ் போனோம். ஷோரூம் வாசலிலிருந்து அவிநாசி சாலையில் கொஞ்ச தூரம், திரும்பி வரும் வழியில் ஒரு வேகத்தடை. சத்தமே வரவில்லை. டாக்டர் அறைக்குள் போனதும் இருமல் நின்றுவிடும் அல்லவா, அதே கதை.

“நார்மல்தான் சார். எல்லா வண்டியிலும் இப்படித்தான்.”

“சத்தமே வரலையே தம்பி. அப்புறம் எல்லா வண்டியிலும் எது இப்படித்தான்?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. வாட்டர் வாஷ் செய்து அனுப்பினார்.

துப்புத் துலக்கியது என் மாமியார். அவருக்கு நடு வரிசையில் இடது ஜன்னல்தான் நிரந்தர இடம். என்னிடம் எதையும் நேராகச் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் மகள் வழியாகத்தான் வரும். “அம்மிணி, மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. ரெண்டு சக்கரமும் சேந்து ஏறுனா ஒண்ணும் சத்தமில்லை. ஒத்தச் சக்கரம் குழியில எறங்குறப்பத்தான் தட்டுது.” மனைவி அதை எனக்கு மொழிபெயர்த்தாள், நான் காதால் கேட்டுவிட்டேன் என்பதை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தில் சஸ்பென்ஷன் பாடப்புத்தகத்தின் ஒரு அத்தியாயமே இருந்தது. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமலிருக்க, முன்னால் இடமிருந்து வலமாக ஒரு கம்பி ஓடுகிறது. அதன் இரு முனையிலும் ஆளுக்கொரு லிங்க் ராடு; விரல் பருமன், ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் ஒரு குட்டிப் பந்து மூட்டு. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அந்தக் கம்பி சும்மா கூடவே சுழலும், முறுக்கம் கிடையாது. ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போனால்தான் முறுகும். அப்போதுதான் தேய்ந்த மூட்டு தட்டும். ஷோரூம் வேகத்தடையோ சாலையின் முழு அகலத்துக்கும் இருந்தது. இரண்டு சக்கரமும் மரியாதையாகச் சேர்ந்து ஏறின. வருடக்கணக்கில் டெஸ்ட் டிரைவ் செய்தாலும் அங்கே அந்த டொக் வராது.

மறுபடி போய், ஒரு சக்கரத்தை மட்டும் குழியில் இறக்கச் சொன்னேன். டொக். தம்பியின் முகம் மாறியது. லிங்க் ராடு இரண்டும் போயிருந்தன. வாரன்டியில் மாற்றுங்கள் என்றேன்.

“வாரன்டில வராது சார். இது தேய்மானப் பொருள். அதோட நீங்க வண்டியை பேட் ரோட்ல ஓட்டியிருக்கீங்க.”

“உங்க ஷோரூமுக்கு வர்ற ரோட்லதான் தம்பி ஓட்டினேன்.”

அவர் தலைக்குப் பின்னால் சுவர் நிறைய எங்கள் வண்டியின் படம். ஒரு சக்கரம் பாறைமேல், இன்னொன்று அந்தரத்தில். லிங்க் ராடு படக்கூடிய பாட்டின் உச்சம் அது. அந்த வண்டிக்கு வாரன்டி உண்டா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தார். “அது விளம்பரம் சார்” என்றார். குரலில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. எனக்காகவா படத்துக்காகவா என்று பிடிபடவில்லை.

பேட் ரோடு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் பேட்டையில் அதற்கு வகைகள் உண்டு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடியது உள்வாங்கியிருக்கும். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடியது மேடிட்டிருக்கும். கேபிளுக்குத் தோண்டியதை மூடவே இல்லை. ஆனாலும் என் ஓட்டு வேகத்தடைக்குத்தான். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1934-லிருந்து சாலைகளுக்கு இலக்கணம் எழுதிவருகிறது. வேகத்தடைக்கு அது 1988-ல் எழுதிய இலக்கணம் இது: 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு துண்டு, 3.7 மீட்டர் அகலம், நட்டநடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் தொட்டிலில் போவதைப் போல ஏறி இறங்கலாம். எங்கள் தெருவில் இருப்பதை எழுதியவர் கடைசி வீட்டுக்காரர். மாடி கட்டியபோது மிஞ்சிய ஜல்லியையும் சிமென்ட்டையும் வீணாக்க மனமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவைத்தார். உயரத்தில் இலக்கணத்தை மிஞ்சிவிட்டார். அகலம் ஒரு முழம். வெள்ளைப் பட்டை கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அதை முதலில் தலையால்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

லிங்க் ராடு மாற்றிக் கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு இன்னொரு டொக். இது கனமான, அடிவயிற்றிலிருந்து வரும் டொக். “அம்மிணி, இது அது இல்லை. இது கீழ” என்று மாமியார் அறிவித்துவிட்டார். இந்த முறை சுந்தராபுரம் பக்கத்து மெக்கானிக் அண்ணனிடம் போனோம். கம்ப்யூட்டர் இல்லை, காபி இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கினார், சக்கரத்தின் மேலேயும் கீழேயும் கைவைத்து ஆட்டினார், கீழே ஒரு கடப்பாரையைச் செருகி நெம்பினார். “பால் ஜாயிண்ட்டுங்க. பூட்டு கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு, பாருங்க.” பார்த்தேன். உள்ளே ஒரு எஃகுக் குண்டு, அதைச் சுற்றி ஒரு கிண்ணம், நடுவில் கிரீஸ், மேலே பூட்டு என்கிற ரப்பர் உறை. இத்தனை பெரிய வண்டியின் முன்பக்க கௌரவம் அந்த ரப்பர் உறையில் இருக்கிறது. அது கிழிந்தால் மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், குண்டு கிண்ணத்தை அரைக்கத் தொடங்கும். அம்பாசிடர் காலத்தில் நிப்பிள் இருந்தது. கன்னை வைத்து கிரீஸ் அடித்துவிடுவார்கள். இப்போது எல்லாமே சீல் செய்து வருகிறது. ‘மெயின்டெனன்ஸ் ஃப்ரீ’ என்று அதற்குப் பெயர்; நாம் ஒன்றும் செய்ய முடியாது என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

சர்வீஸ் சென்டரில் விலை கேட்டபோது, பால் ஜாயிண்ட் தனியாக வராது, லோயர் ஆர்ம் முழுதாகத்தான் வரும் என்றார்கள். அதோடு, இடது மாற்றினால் வலதும் மாற்றுவது நல்லது என்றார்கள். யாருக்கு நல்லது என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது ஸ்டீயரிங். திருச்சி சாலையில் நேராகப் பிடித்தாலும் வண்டி இடதுபக்கம் டீக்கடைகளை நோக்கியே நகர்ந்தது. லேசாக ஆட்டினால் கைக்குள் ‘டக்’ என்று ஒரு தளர்வு. வீல் அலைன்மென்ட் கடையில் திரையில் சிவப்பாக இருந்த எண்களைப் பச்சையாக்கிக் காட்டினார்கள்; காசு கொடுத்தோம்; ஒரு வாரத்தில் வண்டி மறுபடி டீ குடிக்கக் கிளம்பியது. சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணத்தை, அதாவது டோவைத்தான் அவர்களால் திருத்த முடியும். மூட்டில் ஆட்டம் இருக்கும்போது எதைத் திருத்தினாலும் அது மறுநாள் தன் இஷ்டத்துக்குப் போய்விடும். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரேக் எண்டு இரண்டும் தேய்ந்திருந்தன. இது வேடிக்கை பார்க்கிற சமாச்சாரமில்லை. டை ராடு எண்டு, ரேக் எண்டு வகையறா ஓட்டத்தில் கழன்றால் ஒரு சக்கரம் நம் பேச்சைக் கேட்கும், இன்னொன்று கேட்காது. சர்வீஸ் சென்டரில் இதற்கும் ஒரே மருந்து: ஸ்டீயரிங் அசெம்பிளி முழுசாக மாற்றணும். அந்த மதிப்பீட்டுத் தொகைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம், அதில் ஸ்டீயரிங் அசெம்பிளியே கிடையாது. சுந்தராபுரத்து அண்ணன் ரேக் எண்டு மட்டும் வெளியே வாங்கிப் போட்டார்.

காத்திருந்த நேரத்தில் வரலாறு படித்தேன். வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்ற கணக்கை வண்டியில் பொருத்தியவர் மியூனிக் நகரத்து வண்டிப் பட்டறைக்காரர் லாங்கென்ஸ்பெர்கர். 1818-ல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மன் என்ற புத்தக வியாபாரி. இன்றைக்கும் அதற்கு ஆக்கர்மன் ஸ்டீயரிங் என்றுதான் பெயர். எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் சத்தத்தைக் கண்டுபிடித்தவர் மாமியார். ஜாப் கார்டில் இருப்பது டேப்லெட் தம்பியின் பெயர்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து நிற்கும் முன்பக்க ஸ்ட்ரட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கர் அதை யோசித்தது, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு செவர்லே கொண்டுவர நினைத்த கேடட் என்ற சின்னக் காருக்காக. இடம் குறைவு, எடை குறைவு, செலவு குறைவு. அந்தக் கார் வெளிவரவே இல்லை. மனிதர் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950-ல் இங்கிலாந்தில் வந்த ஃபோர்டு கான்சலில் அது ஏறியது. சின்னக் காருக்கென்று பிறந்த அந்த ஏற்பாட்டின் தலையில் இன்றைக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் இரும்பு, ஏழு ஆட்கள், கல்யாணத்துக்கான சீர்வரிசைத் தட்டுகள். அதுவும் என்னதான் செய்யும்?

எங்கள் வண்டி மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் தேய்கிறது என்ற பெரிய சந்தேகத்தைத் தீர்த்ததும் சுந்தராபுரத்து அண்ணன்தான். “டாப் எண்டுங்களா? பதினெட்டு இஞ்சுங்களே, அதான்” என்றார். எங்கள் மாடலின் கீழ் ரகத்தில் 17 அங்குலச் சக்கரம், 235/65 டயர். டாப் எண்டில் 18 அங்குலம், 235/60. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது அதில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம். கணக்குப் போட்டால் அங்கே ஏறக்குறைய 153 மில்லிமீட்டர் ரப்பர், இங்கே 141. குழியில் விழும் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். மிச்சம் மேலே போகிறது. கூடுதலாகப் பணம் கொடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ரப்பரைக் கழித்து வாங்கியிருக்கிறோம். அலாய் வீல் பார்க்க ஜோராக இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

மைத்துனர் இப்போது புது வண்டி எடுக்கப்போகிறார். அதே மாடல், அவர் சிபாரிசு செய்ததை அவரே வாங்காமல் இருந்தால் நன்றாக இருக்காதாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து புரோஷரை விரித்தார். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சக்கரங்களை மட்டும் பார்த்தார்.

“கண்ணு, சக்கரம் சின்னதா இருக்கறத எடு. டயரு குண்டா இருக்கோணும்.”

“அம்மா, அப்ப ஷோ கம்மியாயிரும்மா.”

“ஷோவுக்குள்ள உக்காந்து போறது நானு.”

மைத்துனர் டாப் எண்டையே புக் செய்துவிட்டார். அடுத்த முறை சுந்தராபுரம் போனபோது பேச்சுவாக்கில் அண்ணனிடம் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “வரட்டுங்க, வரட்டுங்க” என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.