'சில மேம்பாடுகள்'

மளிகைக் கடைக்காரர் பத்து ரூபாய்ப் பெருங்காயம் கொடுத்தாலும் பில்லில் அதற்கென்று ஒரு வரி ஒதுக்குகிறார். லேப்டாப் அப்டேட்டோ நம் ஒரு மணி நேரத்தையும் பல ஜிபி இடத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, "பிழைகள் நீக்கப்பட்டன, மேம்பாடுகள் செய்யப்பட்டன" என்று கணக்கை முடித்துவிடுகிறது. 1995இல் விண்டோஸ் 95 முழுவதுமே 13 ஃபிளாப்பியில் அடங்கியது. 2020இல் வந்த ஆப்பிளின் மேக் இயங்குதளமான பிக் சர் சுமார் 12 ஜிபி. அது ஏறி உட்கார 35.5 ஜிபி காலியிடம் வேண்டும். மேக்கில் ஏற்கெனவே இருக்கும் இயங்குதளம் ரொம்பப் பழையதென்றால் 44.5 வரை. அதற்காவது புது வசதிகளின் பட்டியல் நீளமாக இருந்தது. 2015 ஆகஸ்டில் விண்டோஸ் 10க்கு வந்த அப்டேட்டின் விளக்கம், அது விண்டோஸ் 10இன் செயல்பாட்டைக் கூட்டும் மேம்பாடுகளைக் கொண்டது என்பதுதான். 'சாம்பாரில் சாம்பாரின் ருசியைக் கூட்டும் பொருள்கள் உள்ளன' என்பதைப்போல. பலரும் முணுமுணுத்த பிறகு, 2016 பிப்ரவரியில்தான் விவரம் சொல்ல மைக்ரோசாப்ட் தனிப் பக்கம் திறந்தது.

என்ன மாறுகிறது என்று சொல்லாத அப்டேட்டை மக்கள் தள்ளிப்போடத்தான் செய்வார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, அனுபவம். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 பெரிய அப்டேட்டை நான்கே நாளில் நிறுத்தி வைத்தார்கள். சிலருடைய ஆவணங்களும் படங்களும் மாயமாகியிருந்தன. ஆவணக் கோப்புறையை வேறு டிரைவுக்கு மாற்றியவர்களின் பழைய கோப்புறையை, வேண்டாத நகல் என்று நினைத்து அப்டேட் துடைத்துவிட்டது. தெரியாமல் நேர்ந்ததல்ல, வேண்டுமென்றே சேர்த்த சுத்திகரிப்பு வேலை. "பழைய இடத்தில் மிச்சமிருக்கும் கோப்புறைகளை நீக்குவோம்" என்று முன்கூட்டியே ஒரு வரி கண்ணில் பட்டிருந்தால், முன்ஜாக்கிரதைக்காரர்களாவது நகல் எடுத்து வைத்திருப்பார்கள். நவம்பர் 13 அன்றுதான் அந்த அப்டேட் திரும்பி வந்தது.

குறிப்பை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். பஞ்சாங்கத்தைக்கூட எல்லாரும் படிப்பதில்லை, படித்துச் சொல்ல வீட்டுக்கு ஒருவர் போதும். பாதுகாப்பு ஓட்டை எங்கே என்று எழுதினால் திருடனுக்கு வழிகாட்டியதாகாதா? திருடன் குறிப்பை நம்பிப் பிழைப்பவன் அல்ல. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு ஓட்டையை அவனே கண்டுபிடித்துவிடுவான். இருட்டில் நிற்பது வீட்டுக்காரர் மட்டுமே. கடைசி ஆட்சேபம் கனமானது: காரணம் கேட்காமல் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு. உண்மைதான். 2017 மார்ச் 14இல் விண்டோஸின் ஓர் ஓட்டைக்கு மருந்து வந்தும் போடாத கணினிகளைத்தான், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை மே 12 அன்று பிடித்தது. பிரிட்டன் மருத்துவமனைகளே திணறின. அந்த ஓட்டை எவ்வளவு ஆபத்தானது என்பது வல்லுநர்களுக்கான அறிக்கையில் தெளிவாகவே இருந்தது. சாதாரணப் பயனர் திரையில் பார்த்ததோ மாதத்தின் பெயரும் கேபி என்று தொடங்கும் ஓர் எண்ணும் கொண்ட பொதுப்படையான தலைப்புதான். நாய் இல்லாத வீட்டிலும் 'நாய் ஜாக்கிரதை' பலகை மாட்டினால், கடிக்கிற நாயின் வாசலிலும் ஆள் கை வைக்கத்தான் செய்வார்.

நிறுவனங்களுக்குத் தெளிவாக எழுதத் தெரியாமலும் இல்லை. 2009இல் ஆப்பிளின் மேக் இயங்குதளமான ஸ்னோ லெப்பர்டில், விருந்தினர் கணக்கில் நுழைந்து வெளியே வந்தால் சிலருக்குச் சொந்தக் கோப்புகள் காணாமல் போயின. அந்த நவம்பரில் வந்த 10.6.2 அப்டேட்டின் குறிப்பு, விருந்தினர் கணக்கைப் பயன்படுத்தும்போது தரவு அழிந்த கோளாறு சரிசெய்யப்பட்டது என்று பச்சையாகவே சொன்னது. அதற்கு ஒரு வரிதான் செலவானது.